கனமும் விசையும்

நுழையும்முன்

பழைய தமிழ்ச் சொல் ஒன்று அறிவியலுக்குள் நுழையும்போது அதன் பொருள் குறுகுகிறது. குறுகுவதனாலேயே கூர்மை பெறுகிறது. கனம், விசை என்னும் இரு சொற்களும் அவ்வாறு கூர்மை பெற்றவை. நடுநிலை வகுப்புகளில் பயின்ற அடர்த்தி, விசை, இயக்கம் ஆகிய கருத்துகளைப் பாலாற்றங்கரைத் தோல் தொழிலின் வழியாக மீண்டும் எண்ணிப் பார்க்கிறது இப்பாடம்.

ஒரு சொல், மூன்று அளவுகள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என நீளும் ஊர்களுக்குத் தோல் தொழிலே வாழ்வு. ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் பாலாறும் தோலும் இவ்வூர்களை இன்றும் ஒன்றாகவே கட்டிவைத்திருக்கின்றன.

இங்குள்ள தோல் மண்டி ஒன்றில் 'இந்தத் தோல் கனமாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அதற்கு மூன்று பொருள் கொள்ளலாம். தூக்குவதற்குக் கடினமானது என்பது ஒன்று. இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்தால் தடிப்பாக இருக்கிறது என்பது மற்றொன்று. இழைகள் நெருங்கிச் செறிவாக அமைந்தது என்பது மூன்றாவது. வணிகர் இம்மூன்றையும் கையால் தடவியே பிரித்தறிந்துவிடுவார்; அவருக்கு ஒரு சொல்லே போதும். அறிவியலுக்கு அது போதாது. முதலாவதை எடை என்றும், இரண்டாவதைத் தடிமன் என்றும், மூன்றாவதை அடர்த்தி என்றும் அது பெயரிட்டுப் பிரித்தது. 'கனஅளவு' என்று பருமனைக் குறிக்கும்போது அதே கனம் நான்காவது வேலையையும் செய்கிறது. மாணவர் பலர் பருமனையும் எடையையும் அடர்த்தியையும் குழப்பிக்கொள்வதற்கு அவர்களின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று; அவர்கள் பேசும் மொழியிலேயே அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அடர்த்தி என்னும் சொல் நன்கு அமைந்தது. 'அடர்ந்த காடு' என்னும்போது மரங்களின் உயரத்தையோ காட்டின் பரப்பையோ எவரும் எண்ணுவதில்லை; மரங்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதே மனத்தில் தோன்றும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு நிறை நெருங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. நிறையைப் பருமனால் வகுத்தால் அது கிடைக்கும். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அந்நீரை ஒரு குவளையில் எடுத்தாலும் ஏரியாகத் தேக்கினாலும் அதன் அடர்த்தி மாறாது.

நன்கு உலர்ந்த மென்தோல் துண்டு ஒன்றை நீர் நிறைந்த வாளியில் இட்டால் அது முதலில் மிதக்கும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் கிடக்கும். தோலின் இழைகள் நீரைக் காட்டிலும் அடர்த்தியானவை. அவற்றின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.4. ஆனால் உலர்ந்த தோலில் இழைகளுக்கு இடையே காற்று நிறைந்திருக்கிறது. இழையும் காற்றும் சேர்ந்த பொருளின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, எனவே மிதக்கிறது. நீர் உள்ளே புகுந்து காற்றை வெளியேற்றியதும் நிலைமை மாறுகிறது. மிதத்தலும் அமிழ்தலும் பொருளின் பெயரைப் பொறுத்தவை அல்ல. அப்போது அது எதனால் நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

சாற்றின் அடர்த்தியை அளத்தல்

இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன்மீது உப்பு தடவப்படுகிறது. தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு தேவைப்படும். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை நீக்குவதுதான். தோல்கள் தொட்டி நீரில் ஊற வைக்கப்படும். பிறகு சுண்ணாம்பு இட்டு மயிர் நீக்கப்படும். அதன் பின்னரே பதனிடுதல் தொடங்கும்.

குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவுவதற்கு முன்பு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தமிழகத்துத் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் ஈட்டித் தந்தன. பட்டைச் சாறு மென்மையாக இருக்கும் தொட்டியிலிருந்து செறிவான தொட்டிக்குத் தோல் படிப்படியாக மாற்றப்படும். தொடக்கத்திலேயே செறிவான சாற்றில் இட்டால் தோலின் மேற்புறம் மட்டும் இறுகி, உட்புறம் பதப்படாமல் நின்றுவிடும். எனவே ஒவ்வொரு தொட்டியிலும் சாறு எவ்வளவு செறிவாக உள்ளது என்பதை அறிய வேண்டும். நிறமும் சுவையும் ஏமாற்றும். அடர்த்தி ஏமாற்றுவது அரிது.

பால்மானியைப் போன்ற ஒரு கண்ணாடிக் கருவியைச் சாற்றில் மிதக்கவிடுவர். அதற்குப் பார்க்கோமானி என்று பெயர். ஆர்க்கிமிடிஸ் கண்ட விதியே அதற்கு அடிப்படை: மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்குகிறது. சாறு அடர்த்தியாக இருந்தால் சிறிதளவு சாற்றை விலக்கினாலே போதும். கருவி உயர்ந்து நிற்கும். சாறு நீர்த்திருந்தால் கூடுதலாக விலக்க வேண்டும், கருவி தாழும். அதன் தண்டில் 30 என்னும் கோடு சாற்றின் மட்டத்தோடு பொருந்தினால் அச்சாற்றின் ஒப்படர்த்தி 1.030. நீருக்கும் அந்தச் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு மூன்று மட்டுமே. அந்த மூன்றில்தான் ஒரு கட்டுத் தோலின் விலை அடங்கியிருந்தது.

தெரிந்து தெளிவோம்
கடல்நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025. இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.2. புதிய கோழிமுட்டை நன்னீரில் அமிழ்ந்து, உப்புநீரில் மிதப்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

படிவதும் படியாததும்

'அடர்த்தியானது அமிழும்' என்று படித்தவர்கள் தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தால் ஐயம் கொள்வர். சுண்ணாம்பும் சதைத் துணுக்கும் மயிரும் கலந்த அந்நீர் நெடுநேரம் கலங்கலாகவே இருக்கும். அடர்த்தி மிகுந்த துகள்கள் ஏன் உடனே கீழே இறங்கவில்லை?

விதி தவறவில்லை; அது எவ்வளவு நேரத்தில் என்று சொல்லவில்லை, அவ்வளவே. நீரில் இறங்கும் துகளின்மீது மூன்று விசைகள் செயல்படுகின்றன. எடை கீழே இழுக்கிறது. மிதப்பு விசை மேலே தள்ளுகிறது. இயக்கத்தை எதிர்க்கும் பாகியல் விசையும் மேல்நோக்கியே செயல்படுகிறது. இம்மூன்றும் விரைவில் சமன்படும். அதன்பின் துகள் சீரான வேகத்தில் இறங்கும். மிக நுண்ணிய துகள்களுக்கு அந்த வேகம் அவற்றின் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. பெரிய துகள் தொட்டியின் அடியை அடையப் பத்து நிமிடம் ஆகுமெனில், அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கே உள்ள துகளுக்கு 1000 நிமிடம், அதாவது பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் கழிவுநீரில் படிகாரம் போன்ற பொருள்களைச் சேர்த்து நுண்துகள்களை ஒன்றோடொன்று திரளச் செய்கின்றனர். உருவம் பெரிதாவதால் அவை விரைந்து படிகின்றன.

ஆனால் கரைந்த உப்பு படிவதில்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் அது தனித்துகளாகப் பிரிந்து அடிக்கு வராது; நீரோடு ஒன்றி, நீரையே அடர்த்தியாக்கிவிடுகிறது. சேறு நீங்கித் தெளிந்த நீர் கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும். நாவில் வைத்தால் உண்மை புலப்படும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கடியில் ஓடுகிறது. அங்கே இறங்கிய உப்பு, குடிநீர்க் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் சென்று சேர்ந்தது. இதனை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. சேற்றைப் பிரிக்கப் புவியீர்ப்பே போதுமாயிருந்தது. உப்பைப் பிரிக்கவோ, நுண்சவ்வுகளின் வழியே உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்த வேண்டும். எஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரமும் எரிபொருளும் பெருஞ்செலவும் தேவை. படிவதற்கும் கரைவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏழாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் வினா. இங்கோ அது பல கோடி உரூபாய்ச் செலவு.

கீழே தங்கும் காற்று

திரவங்களைப் போலவே வளிகளுக்கும் அடர்த்தி உண்டு. மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கழிவோடு சேர்கிறது. அமிலம் கலந்த நீர் அதனோடு கூடினாலும், காற்றுப்படாத சேற்றில் நுண்ணுயிர்கள் பெருகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வளி தோன்றுகிறது. அதன் மூலக்கூறு நிறை 34. காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29. அதாவது, காற்றைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தி. திறந்த வெளியில் காற்று அதனைக் கலைத்துவிடும். மூடிய ஆழ்தொட்டியில் அவ்வாறு நிகழாது. மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் தங்கியது எளிதில் மேலெழாது.

அழுகிய முட்டையின் நாற்றத்தால் இவ்வளியை அறியலாம் என்று வேதியியல் பாடம் கூறும். அது அரை உண்மை. செறிவு மிகும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் மறைவது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமன்று. தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் பின்தொடர்ந்த துயரங்கள் இத்தொழில் நடக்கும் ஊர்களில் ஒருமுறை மட்டும் நிகழ்ந்தவை அல்ல. இரண்டாவதாக இறங்கியவர் பெரும்பாலும் அண்ணனாகவோ நண்பராகவோ இருப்பார். அன்பு அவரை இறக்குகிறது. அடியில் இருக்கும் காற்றைப் பற்றி எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மனிதரை இறக்காமல் இயந்திரத்தால் சேற்றை அகற்றுவதே முறை. எவரேனும் இறங்கியே தீர வேண்டிய சூழலில், காற்றை உறிஞ்சும் குழாய் தொட்டியின் வாய் வரை சென்றால் போதாது; அடி வரை செல்ல வேண்டும். வளிமானியும் மேலிருந்து அடி வரை படிப்படியாக இறக்கப்பட வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

விசையும் வேகமும்

கனத்தைப் போலவே விசையும் பல பொருள் தாங்கிய சொல். 'விசையாக ஓடினான்' என்றால் விரைவு. 'ஒரு விசை போய் வந்தான்' என்றால் முறை. துப்பாக்கியின் விசை, விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை என அதன் குடும்பம் பெரிது. இவற்றுள் விரைவு என்னும் பொருள்தான் இயற்பியல் மாணவரைத் தடுமாறச் செய்வது. விசை இருந்தால் வேகம் இருக்கும், விசை நின்றால் வேகமும் நிற்கும் என்று மொழி சொல்லாமல் சொல்கிறது. தோல்கட்டு ஏற்றிய கைவண்டியைத் தள்ளுபவரின் அனுபவமும் அதையே கூறுகிறது: தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். பண்டைக் கிரேக்கத்தின் அரிஸ்டாட்டில் கருதியதும் ஏறத்தாழ இதுவே. கலிலியோவும் நியூட்டனும் வந்து வேறொன்றைக் கூறினர்: வண்டி நிற்பது தள்ளுவிசை நீங்கியதால் அன்று; சக்கரத்தின் அச்சிலும் தரையிலும் உராய்வு விசை தொடர்ந்து செயல்படுவதால். சீரான வேகத்தில் செல்லும் வண்டியின்மீது செயல்படும் தொகுபயன் விசை சுழி. தள்ளுபவர் உராய்வை ஈடு செய்கிறார், அவ்வளவே. விசை உண்டாக்குவது வேகத்தை அன்று, வேகத்தில் மாற்றத்தை. அம்மாற்றம் அளவிலும் நிகழலாம், திசையிலும் நிகழலாம்.

திசை மாற்றத்தைக் காண, தோல் தொழிற்சாலையில் சுழலும் மரப்பீப்பாயைவிடச் சிறந்த சான்று இல்லை. தொழிலாளர் அதனை டிரம் என்பர். ஓர் ஆளைவிட உயரமான அப்பெரும் உருளைக்குள் தோலும் நீரும் பதனிடும் பொருளும் இடப்பட்டுச் சுழற்றப்படும். உட்சுவரில் அறைந்துள்ள மரமுளைகளும் உராய்வும் தோலை மேலே தூக்கிச் செல்கின்றன. ஓர் உயரத்தில் தோல் சுவரை விட்டு நீங்கிக் கீழே விழுகிறது. அவ்வாறு ஆயிரக்கணக்கான முறை விழுந்து அடிபடுவதால்தான் பதனிடும் பொருள் இழைகளுக்குள் ஊடுருவுகிறது.

வேகமாகச் சுழற்றினால் வேலை விரைவில் முடியும் என்று புதியவர் எண்ணக்கூடும். முடியாது. வட்டப்பாதையில் செல்லும் பொருளின் திசை ஒவ்வொரு கணமும் மாறுகிறது. அதற்கு மையத்தை நோக்கிய விசை தேவை. வேகம் கூடக்கூட அத்தேவையும் கூடும். உருளையின் உச்சியில் தோலின் எடை, தேவையான மையநோக்கு விசையைவிட மிகுந்திருந்தால் தோல் விழும். தேவையான விசை எடையை எட்டிவிட்டால் தோல் விழாது. சுவரோடு ஒட்டியபடி வெறுமனே சுற்றி வரும். 3 மீட்டர் விட்டமுள்ள உருளைக்கு அந்த எல்லை நிமிடத்துக்கு ஏறத்தாழ 24 சுற்றுகள். 4 மீட்டர் விட்டமெனில் 21 சுற்றுகள். நடைமுறையில் அந்த எல்லைக்கு வெகுவாகக் கீழேதான் உருளைகள் சுழல்கின்றன.

இக்கணக்கில் வியப்பான ஒன்று உண்டு. ஆட்டுத்தோலுக்கும் எருமைத்தோலுக்கும் எல்லை ஒன்றே. தோலின் நிறை கூடினால் எடை கூடுகிறது. தேவையான மையநோக்கு விசையும் அதே அளவு கூடுகிறது. நிறை இருபுறமும் நீங்கிவிடுகிறது. கனம் என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

சுவரின்மேல் சேறு

அடர்த்தியும் விசையும் ஒன்றுகூடும் இடம் அழுத்தம். திரவத்துக்குள் ஓர் இடத்தின் அழுத்தம் அங்குள்ள ஆழத்தையும் திரவத்தின் அடர்த்தியையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் கிடைக்கும். தொட்டியின் நீள அகலம் இதில் இடம்பெறவில்லை. கிணற்றுக்குள் 3 மீட்டர் ஆழத்திலும் ஏரிக்குள் 3 மீட்டர் ஆழத்திலும் அழுத்தம் ஒன்றே.

நீர் 3 மீட்டர் உயரம் நிற்கும் தொட்டி ஒன்றைக் கருதலாம். அதன் சுவரில் ஒரு மீட்டர் நீளப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், மேல்மட்டத்தில் நீரின் அழுத்தம் சுழி. அடியில் 29,400 பாஸ்கல். சராசரி 14,700 பாஸ்கல். அப்பகுதியின் பரப்பு 3 சதுர மீட்டர் ஆதலால் அதன்மீது செயல்படும் விசை 44,100 நியூட்டன். நான்கரை டன் நிறையின் எடைக்கு அது சமம். இப்போது நீருக்குப் பதிலாக ஒப்படர்த்தி 1.1 உள்ள சேற்றை 4 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் விசை 86,240 நியூட்டன் ஆகிறது. உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. அடர்த்தி பத்தில் ஒரு பங்குதான் கூடியது. விசையோ ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. சுவரை அடியிலிருந்து சாய்க்கும் திருப்புத்திறன் அதனினும் விரைந்து, இரண்டரை மடங்குக்கு மேல் உயர்கிறது. ஏனெனில் விசை மிகுந்ததோடு, அது செயல்படும் புள்ளியும் மேலே சென்றுவிட்டது. நிரம்பிய தொட்டியின் சுவரை இன்னும் சில வரிசைச் செங்கல் உயர்த்தினால் கொள்ளளவு கூடும் என்பது கூட்டல் கணக்கு. சுவருக்கு அது கூட்டல் கணக்கன்று.

2015 சனவரி 31 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கப்பட்டிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. சேறு அருகிலிருந்த தோல் தொழிற்கூடத்துக்குள் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

சுவர் நிற்கும் வரை தொட்டியின் அகலம் பொருட்டன்று. ஆழமும் அடர்த்தியுமே அதன்மீதுள்ள விசையைத் தீர்மானிக்கின்றன. சுவர் உடைந்த கணத்தில் அகலமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதுவரை அசையாது கிடந்த நிறை முழுவதும் இயங்கத் தொடங்குகிறது. நீரைவிட அடர்த்தியான சேறு அதே வேகத்தில் நீரைவிட மிகுந்த உந்தத்தைத் தாங்கி வருகிறது. உறங்குபவர் எழுந்து கதவை அடையச் சில நொடிகளாவது வேண்டும். அத்தகைய தொட்டிக்கும் தொழிலாளர் படுக்கும் இடத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும், சேற்றின் மட்டம் எந்தக் கோட்டைத் தாண்டலாகாது என்பவை எட்டாம் வகுப்பு 'விசையும் அழுத்தமும்' படித்த ஒருவர் தாளும் எழுதுகோலும் கொண்டு எண்ணத் தொடங்கக்கூடிய வினாக்கள்.